கோழியைக் கொல்லும் பறவைக் காய்ச்சல் நம்மை எளிதில் தொற்றுவதில்லையே, ஏன்?

2024 ஏப்ரலில் கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததும், நாமக்கல் கோழிப்பண்ணைகள் உஷாராகின. வண்டிகளுக்கு வாசலிலேயே கிருமிநாசினி தெளித்தார்கள். கோழிகளைக் கூட்டங்கூட்டமாகச் சாய்க்கும் இந்த வைரஸ், மனிதரைப் பெரும்பாலும் விட்டுவிடுவது எப்படி?

வைரஸை ஒரு சாவி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது உள்ளே நுழைய, செல்லின் மேல் பொருத்தமான பூட்டு வேண்டும். பறவையின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் அந்தப் பூட்டு நிறைய உண்டு. நம் மூக்கிலும் தொண்டையிலும் இருப்பதோ பெரும்பாலும் வேறு பூட்டு. சாவி திரும்பாது.

ஆனால், நம் நுரையீரலின் ஆழத்தில் அதே பூட்டு இருக்கிறது! நோயுற்ற கோழியைக் கையாளும்போது எச்சத் தூசியோடு வைரஸ் அதிகமாக உள்ளே போனால், அங்கே கதவு திறந்துவிடும். அதனால்தான் தொற்றுவது அரிது; தொற்றினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒட்டகத்திலும் இதே கதைதான். 2012இல் சவூதியில் கண்டறியப்பட்ட, ஒட்டகத்திடமிருந்து மனிதருக்குத் தொற்றும் மெர்ஸ் வைரஸுக்கு ஒட்டகத்தின் மூக்கிலேயே பூட்டு. நமக்கு நுரையீரலின் ஆழத்தில். வளைகுடாவில் வேலை செய்யும் நம்மவர்கள் ஒட்டகப் பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

பறவைக் காய்ச்சலின் சாவி அடிக்கடி உருமாறுவதுதான் பெருங்கவலை; ஒருநாள் அது நம் மூக்கின் பூட்டுக்கும் பொருந்திவிடலாம். கோழிகள் திடீரென மொத்தமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். முட்டையா? மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.