சின்னத் திரையைப் பார்த்துக் கையெழுத்துப் போடு!

சுட்டிகளே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உங்கள் அப்பாவோ அத்தையோ அலுவலக வேலை பார்க்கிறார்களா? மேசையில் பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுதான் டி.எஸ்.சி. டோக்கன். டெண்டர் போடும்போதும் வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போதும் அதைக் கணினியில் செருகி, பின் நம்பர் அடிப்பார்கள். உடனே ஆவணத்தில் டிஜிட்டல் கையெழுத்து விழுந்துவிடும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அது செல்லுபடியாகும் கையெழுத்து.

உள்ளே என்ன நடக்கிறது? டோக்கனுக்குள் மிகப் பெரிய ரகசிய எண் ஒன்று இருக்கிறது. கணினி, ஆவணத்தின் சுருக்கத்தை உள்ளே அனுப்பும். டோக்கன் ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் வெளியே தரும். அந்த விடைதான் கையெழுத்து. ரகசிய எண் கணினிப் பக்கம் வருவதே இல்லை. ஆகவே கணினியில் வைரஸ் இருந்தாலும் அந்த எண்ணை அதனால் எடுக்க முடியாது.

பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை அனுப்பவும் இப்படிப்பட்ட கையெழுத்து வேண்டும். அதைப் போட்டுத்தரும் கருவிக்கு ஹார்டுவேர் வாலட் என்று பெயர். செக் நாட்டின் பிராக் நகரில் உருவான டிரெசர் என்ற வாலட் 2014இல் விற்பனைக்கு வந்தது. வாலட் என்று சொன்னாலும் உள்ளே நாணயம் கிடையாது, ரகசிய எண்தான் இருக்கிறது. யாரிடம் எவ்வளவு நாணயம் என்ற கணக்கு, உலகெங்கும் பல கணினிகளில் உள்ள பிளாக்செயின் பேரேட்டில் இருக்கிறது.

டோக்கனில் இல்லாத ஒன்று பெரும்பாலான ஹார்டுவேர் வாலட்டுகளில் உண்டு. அது ஒரு சின்னத் திரை. எதற்காக? கணினித் திரை பொய் சொல்லலாம் என்பதற்காக! நாணயம் போய்ச்சேர வேண்டிய முகவரியை நீங்கள் காப்பி செய்து பேஸ்ட் செய்யும் நொடியில், திருடனின் முகவரியை அங்கே மாற்றி வைக்கும் வைரஸ்கள் உண்டு. யாருக்கு, எவ்வளவு போகிறது என்பதை வாலட்டின் திரையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே பட்டனை அழுத்த வேண்டும்.

படிக்க முடியாததில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும்? 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. அந்தச் சந்தையின் வாலட்டிலிருந்து நாணயம் அனுப்பப் பலர் கையெழுத்துப் போட வேண்டும். ஹார்டுவேர் வாலட்டும் பயன்பாட்டில் இருந்தது. ஆனாலும் கணினித் திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று அந்த நிறுவனமே சொன்னது. திருடியது வட கொரியக் கும்பல் என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் அறிவித்தன. இதில் பாதிக்கப்பட்ட சென்னை முதலீட்டாளர் ஒருவரின் வழக்கில்தான், கிரிப்டோவும் ஒரு சொத்தே என்று 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்தியாவில் அதைக் கடைகளில் வாங்கியே ஆக வேண்டிய பணமாகச் சட்டம் ஏற்கவில்லை.

வாலட் கருவி தொலைந்தால்? முதலில் தயார் செய்யும்போது அது பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். அந்த வரிசை இருந்தால் புதுக் கருவியில் எல்லாவற்றையும் மீட்கலாம். சொற்கள் 2,048 உள்ள பட்டியலிலிருந்து வருகின்றன. இரண்டு சொல்லுக்கே 2,048 × 2,048 = 41,94,304 வரிசைகள். மூன்றுக்கு ஏறத்தாழ 859 கோடி! பன்னிரண்டை ஊகித்துப் பிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே திருடர்கள் ஊகிப்பதில்லை, நம்மிடமே கேட்கிறார்கள். அந்தச் சொற்களைத் தாளில் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். போட்டோ எடுக்கக் கூடாது, கணினியில் தட்டச்சு செய்யக் கூடாது, "கஸ்டமர் கேர்" என்று யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பெட்டிக்குள் சொற்கள் ஏற்கெனவே அச்சாகி வந்தால், அந்தக் கருவியைத் தொடவே கூடாது.

கிரிப்டோ வாங்குவது உங்கள் வயதுக்கான வேலை அல்ல. ஆனால் ஓ.டி.பி., பின் நம்பர், பாஸ்வேர்டு எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ரகசியத்தை யாரிடமும் சொல்லாதீர்கள். படிக்காமல் எந்தப் பட்டனையும் அழுத்தாதீர்கள். இன்றைக்கே வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்!