கப்பலை அளக்கும் கண்கள்

உவர்மலை என்று நாம் அழைக்கும் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து பார்த்தால் திருகோணமலை உட்துறைமுகம் தெரியும். சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல்களைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் ஒரு கப்பலில் எத்தனை தொன் கோதுமை வந்தது என்பதை யார் அளக்கிறார்கள்?

அவர்தான் கப்பல் பரிசோதகர். அவரிடம் தராசு இல்லை. கப்பலின் முன்புறம், நடு, பின்புறம் என இரு பக்கமும் ஆறு இடங்களில் எழுதியுள்ள இலக்கங்களைப் பார்த்து, அது எவ்வளவு ஆழம் அமிழ்ந்துள்ளது என்று குறிப்பார். கடல்நீரை அள்ளி அதன் அடர்த்தியையும் அளப்பார். மிதக்கும் கப்பலின் எடை அது விலக்கும் நீரின் எடைக்குச் சமம். பாடசாலையில் நாம் படித்த ஆக்கிமிடிசின் தத்துவம்தான் இது. சரக்கை இறக்கும் முன் ஒரு கணக்கு, இறக்கிய பின் இன்னொரு கணக்கு. இடையில் கூடிக் குறைந்த எரிபொருளையும் தண்ணீரையும் சரிசெய்தால், மிஞ்சும் வித்தியாசமே சரக்கு.

துரு, உயிர்காப்புப் படகு, தீயணைப்புக் கருவி, கொள்கலன் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பதும் பரிசோதகர்களின் வேலையே. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில், அமிலம் கசிந்தது தீப்பற்றும் முன்பே தெரிந்திருந்தது. கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளால் மீனவக் குடும்பங்களின் பிழைப்புக் கெட்டது. கசிவைக் கண்டு எழுதினால் மட்டும் போதாது. உடனே நடவடிக்கையும் வேண்டும்.

இத்துறையில் பெண்கள் மிகக் குறைவு. ஆனாலும் சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நாஹா, 2018இல் கொல்கத்தா துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் ஆனார். அவர் பரிசோதகர் அல்லர். ஆயினும் இருவரும் ஏறுவது அதே கயிற்றேணியில்தான்.

சகோதரிகளே, இது இலகுவான தொழில் அல்ல. இரவிலும் மழையிலும் போக வேண்டும். கப்பலின் உடலையும் இயந்திரத்தையும் பரிசோதிக்கப் பொறியியல் பட்டமோ கப்பல் அதிகாரி அனுபவமோ தேவை. சரக்குப் பரிசோதனையை, மூத்தவர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்தும் கற்கலாம். இரண்டுக்கும் அடிப்படை கணிதமும் ஆங்கிலமுமே. "பெண்பிள்ளைக்கு எதற்குக் கணிதம்?" என்று யாராவது கேட்டால், துறைமுகத்தைக் காட்டுங்கள்.

பரிசோதகரின் கையெழுத்தை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. கண்டதை மட்டும் எழுத வேண்டும். யார் வற்புறுத்தினாலும் எண்ணை மாற்றக்கூடாது. ஒரு கடிதத்துக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்த நமக்கு, உண்மையாக எழுதிய ஒரு தாளின் பெறுமதியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நம் மகள்மாருக்குச் சொல்லிக்கொடுப்போம்.