காக்பிட்டுக்கும் ஒடியோலை வேண்டும்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்களோடு 222-ஆவது படைப்பிரிவு 2020 ஜனவரி 20 அன்று தொடங்கப்பட்டது. வீட்டுக் கணினியில் ஓட்டும் புதிய தலைமுறை விமான சிமுலேட்டர் ஒன்று வெளியாகி உலகமெங்கும் பேசப்பட்டதும் அதே ஆண்டில்தான். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும், தலைக்கு மேல் விமானமும் கைக்கெட்டும் தூரத்தில் கணினியுமாக வளரும் டெல்டா பிள்ளைகளுக்கு, இவற்றுக்கு நடுவே ஒரு தொழில் இருப்பதை யாரும் சரியாக எடுத்துச் சொல்லவில்லை. சிமுலேட்டரில் பறக்கும் விமானத்தின் உள்ளறையை, அதாவது காக்பிட்டை, ஒவ்வொரு டயலும் ஒவ்வொரு குமிழும் இயங்கும்படி முப்பரிமாணத்தில் உருவாக்கும் வேலை அது. பிளெண்டர் மென்பொருள் இலவசம். 1997-இல் முதலில் வெளியான ஃப்ளைட்கியர் சிமுலேட்டரும் இலவசம். மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ இருந்துகொண்டே, சுமாரான ஒரு கணினியை வைத்துத் தொடங்கிவிடலாம். எப்படிக் கற்பது என்பதில்தான் எனக்குக் கவலை. மென்பொருளை முதலில் பிடித்துக்கொள்வோம், அளவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இதில் இறங்குகிறவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அளவுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைச் சொல்லித்தர வேறெந்த ஊரையும்விடக் காவிரிக் கரைக்குத் தகுதி உண்டு.

வீடு, கார், கோயில் கோபுரம் என்று எதை முப்பரிமாணத்தில் செய்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதும். காக்பிட்டைப் பார்ப்பதோடு விடமாட்டார்கள். அதில் கை வைப்பார்கள். சிமுலேட்டர் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. அமெரிக்காவின் பிங்காம்டன் ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் பட்டறை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டு, சாயவும் திரும்பவும் கூடிய ஒரு சிறு விமானப் பெட்டியை 1929-இல் உருவாக்கினார். மேல்மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியுலகமே தெரியாது. எதிரே இருக்கும் கருவிகள் மட்டும்தான். முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் பைகளைச் சுமந்துகொண்டு மோசமான வானிலையில் பறந்து வரிசையாக உயிரிழந்த பிறகு, ராணுவம் அந்தப் பெட்டிகளில் ஆறை, ஒன்று 3,500 டாலர் விலையில் வாங்கியது. ஆக, தொடக்கத்தில் சிமுலேட்டர் என்றாலே காக்பிட்டின் உள்ளறைதான். மேகமும் மலையும் ஓடுபாதையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

உள்ளறையில் வடிவம் பிசகினால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-17 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் இறக்கையின் ஃபிளாப்பை இயக்கும் சுவிட்சும் அருகருகே, ஒரே தோற்றத்தில் இருந்தன. பத்திரமாகத் தரையிறங்கிய விமானிகள் ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட, விமானம் வயிறு தரையில் உரச விழுந்தது. விமானிகளின் கவனக்குறைவு என்று கோப்பை மூடாமல், அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் சுவிட்சுகளைப் பார்த்தார். ஒன்றின் தலையில் சக்கர வடிவமும் மற்றொன்றின் தலையில் ஆப்பு வடிவமும் பொருத்தச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே விரலால் அறியலாம். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் சக்கர லீவரின் நுனி சக்கரம் போலவும் ஃபிளாப் லீவரின் நுனி இறக்கை போலவும் இருப்பது விதியாகிவிட்டது. இது தெரியாத ஒருவர் மாடல் செய்தால் இரண்டுக்கும் ஒரே குமிழைப் போட்டு நகலெடுத்து ஒட்டிவிடுவார். திரையில் அழகாகத்தான் இருக்கும். அதில் பயிலும் கை தப்பைப் பழகிக்கொள்ளும்.

உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்ப்போம். பழைய வகை டயலில் மூன்று முட்கள். நீள முள் ஒரு சுற்று சுற்றினால் 1,000 அடி. குட்டை முள்ளுக்கு ஒரு சுற்று 10,000 அடி. மூன்றாவது முள்ளுக்கு ஒரு லட்சம் அடி. விமானம் 6,500 அடியில் இருக்கும்போது நீள முள் 5-இல் நிற்க, குட்டை முள் 6-க்கும் 7-க்கும் சரிபாதியில் நிற்க வேண்டும், மூன்றாவது முள் 0-வைத் தாண்டி 1-ஐ எட்டாமல் இருக்க வேண்டும். மூன்றும் பல்சக்கரங்களால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டவை என்பதை அறியாமல் தனித்தனியே சுழலவிட்டால், குட்டை முள் 6-இலேயே நின்று, நீள முள் சுற்றி முடித்ததும் திடீரென்று 7-க்குத் தாவும். உண்மையான எந்தக் கருவியும் அப்படித் தாவுவதில்லை. முள்ளின் சுழல் மையம் டயலின் மையத்திலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் முள் ஒரு பக்கம் எண்ணைத் தொட்டு மறுபக்கம் எட்டாமல் நொண்டும். கீழே ஒரு குமிழ், பக்கத்தில் காற்றழுத்தம் காட்டும் சின்ன ஜன்னல்: அந்த எண்ணை ஒரு ஹெக்டோபாஸ்கல் கூட்டினால் முள் சுமார் 27 அடி ஏற வேண்டும். ஒற்றை டயலுக்குள் இத்தனை. நிஜ விமானிகளே இந்த மூன்று முட்களைப் படிப்பதில் தடுமாறியிருக்கிறார்கள் என்று 1947-இல் வெளியான அமெரிக்க ராணுவ ஆய்வு பதிவு செய்திருக்கிறது. நிஜத்திலேயே குழப்பும் கருவியைத் தப்பாகவும் செய்து வைத்தால் பயில்பவர் கதி என்ன?

காவிரிக் கரைக்குத் தகுதி உண்டு என்றேனே, அதற்காகச் சுவாமிமலைக்கு வருவோம். வெண்கலச் சிலை வார்க்கும் ஸ்தபதி முதலில் தொடுவது மெழுகை அல்ல, தென்னை ஓலையை. சிலையின் உயரத்துக்கு ஓலைக்கீற்றை நறுக்கி, சாஸ்திரக் கணக்குப்படி மடித்து மடித்துப் பங்கு குறிக்கிறார்; அதுதான் ஒடியோலை. உத்தம தசதாளம் என்ற முறையில் முழு உயரத்தை 124 பங்காக வகுத்து, அதில் ஒரு பங்கை அங்குலமாக வைத்துக்கொள்கிறார்கள். அங்குலத்தில் எட்டில் ஒன்று யவம். கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் இல்லை இது. அந்தச் சிலைக்குள்ளிருந்தே எடுத்த அளவு. உள்ளங்கையில் அடங்கும் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் ஒரே கணக்கு பொருந்துவது இதனால்தான். குங்கிலியம் கலந்த மெழுகில் உரு பிடிப்பது, காவிரி வண்டல் மண்ணைப் பூசுவது, உலோகத்தை உருக்கி ஊற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. காக்பிட்டுக்கும் இப்படி ஓர் உள்ளளவு உண்டு. சிறிய விமானங்களின் பேனலில் வழக்கமான டயல் உட்காரும் துளையின் விட்டம் 3⅛ அங்குலம், அதாவது 79.4 மில்லிமீட்டர். பேனலை நேர் எதிரே நின்று எடுத்த படம் ஒன்று கையில் இருந்தால், இந்த ஒரே அளவை வைத்து அதே தளத்தில் உள்ள மற்ற எல்லாவற்றின் அளவையும் கணக்கிட்டுவிடலாம். சிமுலேட்டருக்கான முதல் ஒடியோலை இதுதான்.

நேர் எதிரே நின்று எடுத்த படம் கிடைப்பது அபூர்வம். என் கவலை முழுவதும் இங்கேதான் குவிகிறது. இணையத்தில் அகப்படும் காக்பிட் படங்களில் பெரும்பாலானவை குறுகிய இடத்தில் அகலக் கோண லென்ஸால் எடுத்தவை. ஓரத்து டயல்கள் முட்டை வடிவமாக நீளும், கிட்டே உள்ள லீவர் பருத்துத் தெரியும், எதிர்ப் பேனல் இருக்கும் தூரத்தைவிட எட்டப் போய்விடும். அந்தப் படத்தைத் திரையில் பின்னால் வைத்து மேலே கோடு போட்டுக்கொண்டே போவதுதான் புதியவர்கள் பிடிக்கும் வழி. லென்ஸின் கோளாறு அப்படியே விமானத்தின் வடிவமாகிவிடுகிறது. இன்னொருவர் வந்து, அசல் விமானத்தைத் தேடாமல் அந்த மாடலைப் பார்த்து மாடல் செய்கிறார். அவர் தன் பங்குக்கும் கொஞ்சம் பிசகுகிறார். நகலைப் பார்த்து நகல் எடுக்க எடுக்கத் தவறு வட்டி போட்டு வளர்கிறது. மெருகு மட்டும் ஒவ்வொரு முறையும் கூடுவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. தேய்ந்த பெயிண்ட், கண்ணாடியில் விரல் ரேகை, இருக்கைத் துணியின் நூலிழை எல்லாம் தத்ரூபம். த்ராட்டில் மட்டும் கை எட்டும் இடத்தில் இல்லை.

அசலையே டேப் வைத்து அளக்க வேண்டும் என்றால், லேசர் ஸ்கேனர் வந்துவிட்ட காலத்தில் டேப் எதற்கு என்று கேட்பார்கள். ஸ்கேனர் நல்ல கருவிதான். ஆனால் கண்ணாடியும் பளபளக்கும் கறுப்புப் பரப்பும் அதற்குச் சரியாகப் பிடிபடுவதில்லை. காக்பிட் முழுக்க இருப்பவை அவைதான். மேலும், அது புறப்பரப்பைத் தருமே தவிர, ஒரு லீவர் எந்த அச்சில், எத்தனை பாகை சாயும் என்பதைத் தராது. விமானத்தைத் தொட்டுப் பார்க்கவே வழியில்லாத ஊரில் அளவு எடு என்றால் எப்படி என்பது இதைவிட நியாயமான கேள்வி. குரோம்பேட்டை எம்ஐடியில் சேர்ந்த அப்துல் கலாம், அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகில், மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறார். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. தஞ்சைத் தளத்தின் போர் விமானங்கள் ராணுவ ரகசியம். அவற்றைப் படமெடுக்கும் எண்ணமே கூடாது.

ஆனால் டெல்டாவில் தெருவுக்குத் தெரு ஒரு காக்பிட் நிற்கிறது. டிராக்டர். இருக்கை, ஸ்டீயரிங், கை ஆக்சிலேட்டர், கியர் லீவர்கள், ஆர்பிஎம் டயலுக்குள்ளேயே ஓடும் மணிக்கணக்கு மீட்டர், வலது கைப்பக்கம் ஹைட்ராலிக் லீவர்கள். எல்லாவற்றையும் தொடலாம், அளக்கலாம், ஓட்டுகிறவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிரேக் பெடல்களைப் பாருங்கள்: இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று, நடுவில் ஒரு கொக்கி. சாலையில் கொக்கியை மாட்டி இரண்டையும் சேர்த்து மிதிக்க வேண்டும். வயலில் கொக்கியைக் கழற்றி, ஒரு பக்கத்தை மட்டும் மிதித்து வரப்போரம் குறுகத் திருப்புவார்கள். விமானத்திலும் இடது வலது பிரேக்குகள் தனித்தனி. தரையில் திருப்ப விமானி ஒரு பக்கத்தை மட்டும் மிதிப்பது உண்டு. அந்தக் கொக்கியை அளந்து, அது ஏன் இருக்கிறது என்று கேட்டு, மாட்டவும் கழற்றவும் கூடியதாக மாடலில் செய்து முடித்த பிள்ளைக்கு விமானத்தின் பெடல் புதிராக இருக்காது. செய்ததைச் சரிபார்க்க அசல் எதிரிலேயே நிற்கிறது. படம் பார்த்துக் கற்கிறவருக்கு இந்த வசதி எந்நாளும் கிடையாது.

இதில் சோறு கிடைக்குமா, முதலில் வேகமாக நாலு மாடல் செய்து காட்டினால்தானே வேலை தருவார்கள் என்பார்கள். அந்த அவசரம் புரிகிறது. ஆனால் வேகத்தில் போட்டியிட உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அளவு தெரிந்தவருக்குக் காத்திருக்கும் வேலை வேறு. 1951-இல் பறந்த எச்டி-2 பயிற்சி விமானம், 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த மாருத் ஜெட் ஆகியவை இந்தியாவிலேயே உருவானவை. பெங்களூருவின் எச்ஏஎல் பாரம்பரிய மையத்தில் போய்ப் பார்க்கலாம். வானத்தைவிட்டு இறங்கிய இவற்றின் உள்ளறைகளை முறையான அனுமதியோடு டேப்பும் நோட்டுமாக அளந்து, அடுத்த தலைமுறை கணினியில் உட்கார்ந்து ஓட்டும்படி செய்துவைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் கும்பகோணத்திலிருந்து வரக்கூடாது?

பிள்ளைக்கு இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டப்போகும் பெற்றோர் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: முதல் வாரத்தில் என்ன சொல்லித்தருவீர்கள்? மென்பொருளின் மெனுக்களை என்று பதில் வந்தால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஒரு டேப், ஒரு வெர்னியர், ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துப் பக்கத்து வீட்டு டிராக்டரிடம் பிள்ளையை அனுப்புங்கள். பயிற்சி வகுப்பு அதற்குப் பிறகு இருக்கட்டும்.