படம் வருகிறது, சத்தம் எங்கே?
கணினி கேமை டிவியிலும் மொபைலிலும் ஆடும்போது ஒலி தொலையும் இடங்கள்

டிவி திரையில் கேம் பளிச்சென்று தெரிகிறது. கன்ட்ரோலரை அழுத்தினால் நாயகன் ஓடுகிறான், குதிக்கிறான். ஆனால் சத்தம் மட்டும் வரவில்லை. அல்லது கரகரவென்று வருகிறது. அல்லது துப்பாக்கி வெடித்து முடிந்த பிறகு 'டுமீல்' கேட்கிறது. அறையில் உள்ள கணினியில் கேமை ஓடவிட்டு, அதை வீட்டின் இன்னொரு திரையில் ஆடுகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் தொல்லை இது.

இப்படி வேறு திரையில் ஆடும் 'ஸ்ட்ரீமிங்' வசதியை வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் தளத்தில் 2014இல் அறிமுகப்படுத்தியது. 2018இல் ஆண்ட்ராய்டுக்கு 'ஸ்டீம் லிங்க்' செயலி வந்ததும், இதற்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டிய தேவையும் போயிற்று. என்விடியா நிறுவனம் தன் 'கேம்ஸ்ட்ரீம்' வசதியை 2023இல் கைவிட்டபோது, பலர் கணினியில் 'சன்ஷைன்', எதிர்முனையில் 'மூன்லைட்' என்ற இலவச மென்பொருள் இணைக்கு மாறினார்கள். மென்பொருள் எதுவாக இருந்தாலும் ஒலித் தொல்லைகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கேமில் ஒலி வெறும் அலங்காரம் அல்ல. எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்பதைக் காலடிச் சத்தம்தான் முதலில் சொல்லும். பார்வையற்றவர்களும் ஆடும்படி வடிவமைக்கப்பட்ட கேம்களும் இருக்கின்றன. 2020இல் வெளியாகி, 2025இல் கணினிக்கும் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' அவற்றில் முக்கியமானது. திரை தெரியாத ஒருவருக்கு அதில் வழிகாட்டுவதே ஒலிக் குறிப்புகள்தான். சத்தம் நின்றால் அவருக்கு ஆட்டமே நின்றுவிடும். ஆகவே 'படம் வருகிறதே, போதும்' என்று இதை விட்டுவிட முடியாது.

ஒலி போகும் பாதை

பலரும் நினைப்பதுபோல ஸ்ட்ரீமிங் மென்பொருள் கேமிடமிருந்து நேராக ஒலியை வாங்குவதில்லை. கேம் தன் ஒலியை வின்டோஸிடம் கொடுக்கிறது. வின்டோஸ் அதை ஸ்பீக்கர், ஹெட்போன், மானிட்டர் என ஏதாவது ஒரு சாதனத்துக்கு அனுப்புகிறது. அந்தச் சாதனத்துக்குப் போகும் ஒலியைத்தான் ஸ்ட்ரீமிங் மென்பொருள் பிரதி எடுக்கிறது. எடுத்ததைச் சுருக்கி, சிறு சிறு பொட்டலங்களாக்கி ரூட்டர் வழியே அனுப்புகிறது. மறுமுனைச் செயலி அவற்றை விரித்து டிவி ஸ்பீக்கருக்கோ இயர்போனுக்கோ கொடுக்கிறது.

அதாவது நான்கு நிலைகள்: கேம், வின்டோஸின் ஒலிச் சாதனம், நெட்வொர்க், மறுமுனைக் கருவி. ஒலி எந்த நிலையில் நின்றுபோனது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் டிரைவரை நீக்கிப் போடுவதும், கேமை மறுபடி டவுன்லோடு செய்வதும் நேரத்தைத்தான் தின்னும்.

முதல் சோதனை: ஒரு பாட்டு

ஸ்ட்ரீமிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியில் யூடியூபில் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு வின்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், கீழே இருக்கும் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறங்கள். அதில் 'பிளேபேக்' பட்டியலில் கணினிக்குத் தெரிந்த ஒலிச் சாதனங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றின் மேல் பச்சை நிற 'டிக்' குறி இருக்கும். அதுதான் டீஃபால்ட் சாதனம். ஒவ்வொன்றின் வலப்பக்கமும் ஒரு சின்ன அளவுப் பட்டை உண்டு. ஒலி எந்தச் சாதனத்துக்குப் போகிறதோ அதன் பட்டை மட்டும் பச்சையாக ஏறி இறங்கும்.

பாட்டு டிவியில் கேட்கிறது, கேம் மட்டும் கேட்கவில்லை என்றால் கோளாறு கேமின் அமைப்பில். பாட்டும் கேட்கவில்லை, பட்டையோ வேறொரு சாதனத்தில் ஆடுகிறது என்றால் ஒலி தவறான சாதனத்துக்குப் போகிறது. சரியான சாதனத்திலேயே பட்டை ஆடியும் டிவி மௌனமாக இருந்தால் நெட்வொர்க்கையோ மறுமுனையையோ பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, தேட வேண்டிய இடத்தை நான்கிலிருந்து ஒன்றாகவோ இரண்டாகவோ குறைத்துவிடும்.

சத்தமே இல்லையென்றால்

முழு மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம் சாதனக் குழப்பம். 'ஸ்டீம் ஸ்ட்ரீமிங் ஸ்பீக்கர்ஸ்' என்ற பெயரில் ஒரு மெய்நிகர் ஸ்பீக்கரை ஸ்டீம் கணினியில் நிறுவுகிறது. சன்ஷைனும் இதையே பயன்படுத்திக்கொள்ளும். டிவியில் ஆடும்போது அறையில் உள்ள ஸ்பீக்கர் அலறக் கூடாது என்பதற்காக, ஸ்ட்ரீமிங் தொடங்கியதும் டீஃபால்ட் சாதனம் இதற்கு மாற்றப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில கேம்கள் தொடங்கும்போது எந்தச் சாதனம் இருந்ததோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளும். இடையில் சாதனம் மாறினால் அவற்றுக்குத் தெரியாது. முதலில் டிவியை இணைத்துவிட்டு, அதன் பிறகு கேமைத் தொடங்கினால் இந்தத் தொல்லை தீரும்.

அப்படியும் வரவில்லையென்றால் சவுண்ட் பக்கத்திலேயே உள்ள 'வால்யூம் மிக்ஸர்' பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலிச் சாதனம் ஒதுக்கும் வசதி 2018 முதல் வின்டோஸில் இருக்கிறது. என்றோ ஒருநாள் அந்தக் கேமை ஹெட்போனுக்கு ஒதுக்கியிருந்தால், வின்டோஸ் அதை மறக்காமல் வைத்திருக்கும். அதை 'டீஃபால்ட்' என்று மாற்றினால் போதும். கேமுக்கு உள்ளேயே ஒலிச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருந்தால் அதையும் அப்படியே மாற்றுங்கள்.

மானிட்டரை அணைப்பதும் ஒரு காரணம். எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் கேபிள்கள் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகின்றன. ஆகவே மானிட்டரும் கணினிக்கு ஓர் ஒலிச் சாதனம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மானிட்டரை அணைத்துவிட்டு ஹாலுக்கு வந்தால், பல கணினிகளில் அந்தச் சாதனமே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். வேறு ஸ்பீக்கரும் இல்லையென்றால் பிரதி எடுக்க ஒலியே இருக்காது. மெய்நிகர் ஸ்பீக்கரை டீஃபால்ட் ஆக்கலாம். அல்லது மானிட்டர் இணைந்திருப்பதாகக் கணினியை நம்பவைக்கும் 'டம்மி பிளக்' ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் செருகலாம்.

கணினியின் ஃபயர்வாலையும் கவனியுங்கள். மூன்லைட், சன்ஷைன் இணையில் படமும் ஒலியும் ஒரே வாசல் வழியாகப் போவதில்லை. வழக்கமான அமைப்பில் படம் யுடிபி 47998ஆம் போர்ட்டிலும், ஒலி யுடிபி 48000ஆம் போர்ட்டிலும் செல்லும். போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தவர் இந்த இரண்டாவதை விட்டிருந்தால், படம் அட்டகாசமாக வரும், ஒலி ஒரு துளிகூட வராது. சன்ஷைனுக்கு மொத்தமாக அனுமதி கொடுப்பதே பாதுகாப்பான வழி.

கரகரப்பும் விட்டுவிட்டு வருவதும்

இங்கே சந்தேகிக்க வேண்டியது முதலில் வைஃபையை. ஒலிக்குத் தேவையான வேகம் மிகக் குறைவு. படத்துக்கு விநாடிக்குப் பத்து இருபது மெகாபிட் வேண்டுமென்றால், ஸ்டீரியோ ஒலிக்கு நூறு கிலோபிட் அளவே போதும். ஆனாலும் இணைப்பு தடுமாறும்போது காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். இந்த ஒலியைச் சுருக்கப் பயன்படுவது 2012இல் தரநிலையாக்கப்பட்ட 'ஓபஸ்' முறை. மூன்லைட் வழக்கமாக 5 மில்லி விநாடி ஒலிக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறது. விநாடிக்கு 200 பொட்டலங்கள். அவை நேரத்துக்கு வர வேண்டும். படத்தில் ஒரு பிரேம் தவறினால் முந்தைய பிரேம் ஒரு கணம் கூடுதலாக நிற்கும், கண் பொறுத்துக்கொள்ளும். ஒலியில் பொட்டலங்கள் தொடர்ந்து தவறினால் 'டப்' என்று வெட்டும்.

கணினியும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பொட்டலமும் காற்றில் இருமுறை பயணிக்கிறது: கணினியிலிருந்து ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து டிவிக்கு. கணினியை லேன் கேபிளால் ரூட்டரோடு இணைத்தாலே சுமை பாதியாகிவிடும். மறுமுனைக் கருவியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு உங்கள் புளூடூத் இயர்போனும் இடம் கேட்டுப் போட்டியிடும்.

கேபிள் போட்டும் கரகரப்பு போகவில்லையென்றால் கணினிக்குள் பாருங்கள். கேம் பிராசசரை முழுவதுமாக விழுங்கினால், ஒலியைச் சுருக்கும் வேலைக்கு நேரம் கிடைக்காது. கேமின் வேகத்தை 60 பிரேமுக்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள். அடுத்து, பிளேபேக் பட்டியலில் சாதனத்தின் 'பிராப்பர்டீஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில் ஒலியின் மாதிரி வீதம் 44,100 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 48,000 ஆக்குங்கள். 44,100 என்பது ஆடியோ சிடி காலத்து அளவு. ஓபஸ் ஏற்கும் வீதங்களில் அது இல்லை, 48,000 இருக்கிறது. அளவுகள் ஒத்துப்போனால் நடுவில் மாற்றும் வேலை மிச்சம். சில டிரைவர்களில் கரகரப்புக்குக் காரணமே அந்த மாற்றம்தான்.

சத்தம் பின்தங்கினால்

ஒலி படத்தைவிட 125 மில்லி விநாடி பிந்தினாலோ, 45 மில்லி விநாடி முந்தினாலோ பார்வையாளர் அதை உணரத் தொடங்குகிறார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அது டிவி பார்ப்பவருக்கான கணக்கு. தானே பட்டனை அழுத்துகிற ஆட்டக்காரருக்குப் பொறுமை இன்னும் குறைவு. சாதாரண புளூடூத் இயர்போன் மட்டுமே 150 முதல் 250 மில்லி விநாடி வரை தாமதிக்கக்கூடும். வயர் உள்ள இயர்போன்தான் இதற்கு நிச்சயமான மருந்து. டிவியில் ஆடுகிறவர்கள் 'கேம் மோட்' போட வேண்டும். சவுண்ட்பார் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த ஸ்பீக்கரில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தாமதம் எங்கே ஏறுகிறது என்பது தெரிந்துவிடும்.

புளூடூத்தில் தாமதம் தவிர இன்னொரு தொல்லையும் உண்டு. ஹெட்செட்டின் மைக்கை ஏதாவது செயலி திறந்தால், ஒலி திடீரென்று பழைய டெலிபோன் போல மாறும். தரமான இசைக்கான முறையிலிருந்து பேச்சுக்கான முறைக்கு ஹெட்செட் தாவுவதே காரணம். மைக்கை மூடினால் சரியாகிவிடும்.

இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை

இது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் எளிது. 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். கணினி 5.1 என நினைத்து அனுப்ப, டிவியில் இருப்பதோ இரண்டு ஸ்பீக்கர். நடுப்பகுதி சரியாகக் கலக்கப்படாவிட்டால் வசனம் அமுங்கிப்போகும். ஸ்ட்ரீமிங் செயலி, வின்டோஸ், கேம் மூன்றிலும் 'ஸ்டீரியோ' என்று வையுங்கள்.

ஆடி முடித்த பிறகு கணினி மௌனமானால்

இணைப்பு திடீரென்று அறுந்தால் டீஃபால்ட் சாதனம் சில சமயம் மெய்நிகர் ஸ்பீக்கரிலேயே தங்கிவிடும். மறுநாள் கணினியில் படம் பார்க்க உட்கார்ந்தால் சத்தம் வராது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, உங்கள் நிஜ ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, உடனே கேட்டுப் பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்து சத்தம் வந்துவிட்டால், எது தீர்த்தது என்று தெரியாமலே போகும். அடுத்த வின்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொல்லை திரும்பினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கும். பலன் தந்த மாற்றத்தை ஒரு வரியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு யார் ஆட உட்கார்ந்தாலும் அந்த ஒரு வரி அவர்களுக்கும் உதவும்.