குழந்தை விளையாட்டுக்கு எதற்கு நம் வீட்டு விலாசம்?

பிள்ளைக்குச் சோறு ஊட்டும் நேரம். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம். வேறு வழியில்லாமல் படத்துக்கு வண்ணம் தீட்டும் ஒரு விளையாட்டைச் செல்போனில் இறக்கிக் கையில் கொடுக்கிறோம். திறந்தவுடனே அது ஒரு கேள்வி கேட்கிறது: 'நீங்கள் இருக்கும் இடத்தை அறிய அனுமதி தருகிறீர்களா?' ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் பிள்ளை. கட்டை விரலால் 'சரி'யை அழுத்தி விட்டு அடுத்த வாய் ஊட்டுகிறோம். வண்ணம் தீட்டும் விளையாட்டுக்கு நம் வீடு எங்கே இருந்தால் என்ன? நம்மில் எத்தனை பேர் இதை யோசித்திருக்கிறோம்!

நாசரேத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் இந்தப் பேச்சு வந்தது. "நான் எப்பவும் வேண்டாம்னுதான் அமுக்குதேன் மதினி. பிறகு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் ஓர் இளம் தாய். "அமுக்குனா மட்டும் போதுமாட்டி? அதுக்குத் தெரிஞ்சுக்க ஆயிரம் வழி இருக்கும்" என்றார் மதினி.

மதினி சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் வாஸ்தவம் அதுதான். 'வேண்டாம்' என்று அழுத்திய கோடிக்கணக்கான மக்களின் இருப்பிடத்தை ஒரு விளம்பர நிறுவனம் கண்டுபிடித்துக் கொண்டுதான் இருந்தது. அதுவும் நம் நாட்டில் வளர்ந்த நிறுவனம். அது கையாண்ட வழி புரிய வேண்டுமானால், முதலில் செல்போனுக்குள் இருக்கும் ஒரு பட்டியலைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும்.

செல்போனில் வைஃபையைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வருகின்றன அல்லவா? நம் வீட்டுப் பெயர், பக்கத்து வீட்டுப் பெயர், எதிர்க் கடைப் பெயர். அதுதான் அந்தப் பட்டியல். நம் கண்ணுக்குப் பெயர் மட்டும் தெரிகிறது. செல்போனுக்கு இன்னொன்றும் தெரிகிறது. ஒவ்வொரு வைஃபை பெட்டிக்கும் பிறக்கும்போதே 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறி உண்டு. பெட்டி மூச்சு விடுவது போல அந்தக் குறியை நாள் முழுக்கக் காற்றில் சொல்லிக் கொண்டே இருக்கும். பெயரை நாம் மாற்றலாம். குறி சாதாரணமாக மாறாது.

இதில் என்ன ரகசியம் இருக்கிறது என்று தோன்றும். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் அடிக்கடி போய் வரும் பாட்டிமார்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்கள். ஆனால், "ஆழ்வார்திருநகரி தாண்டியாச்சு, பையை எடு, நம்மூரு வருது" என்று சரியாகச் சொல்வார்கள். ஸ்டேஷன் பலகையைப் பார்ப்பதே இல்லை. ஏறி இறங்குகிறவர்களின் பேச்சு, காற்றில் வரும் வாசனை, வண்டி குலுங்கும் விதம் எல்லாம் சேர்ந்து ஊரைச் சொல்லி விடுகின்றன. வைஃபை பட்டியலும் அப்படித்தான். இந்தக் குறியும் அந்தக் குறியும் பக்கத்துப் பக்கத்தில் கேட்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது உங்கள் வீட்டு அடுக்களையாகக் கூட இருக்கலாம்!

இந்தப் பட்டியலைச் செல்போன் எப்படித் தயாரிக்கிறது என்பது சுவாரசியமான விஷயம். மாடியில் துணி காய்கிறது. வானம் இருட்டிக் கொண்டு வருகிறது. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேருமா மாடி ஏறிப் பார்ப்பார்கள்? ஒருவர் போய்ப் பார்த்து வந்து, "தூறல் விழுது" என்றால் எல்லோருக்கும் தெரிந்து விடுகிறது. செல்போனும் கம்ப்யூட்டரும் இதே சிக்கனத்தைத்தான் செய்கின்றன. காற்றில் எந்தெந்த வைஃபை இருக்கிறது என்று தேடினால் பேட்டரி செலவாகும். ஆகவே ஒரு முறை தேடி, கிடைத்த பட்டியலைப் பொதுவில் வைத்து விடும். வரைபடம் காட்டும் ஆப் வந்தால் அதையே பார்க்கும். டாக்ஸி ஆப் வந்தாலும் அதையேதான் பார்க்கும். தானாகத் தேடாத ஆப் கூட, அனுமதி இருந்தால், மற்றொன்று தேடிக் கொண்டு வந்ததை எட்டிப் பார்க்கலாம்.

2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 இந்தத் தேடலுக்கு ரேஷனே போட்டு விட்டது. நாம் திறந்து வைத்திருக்கும் ஆப் 2 நிமிடத்தில் 4 முறைதான் தேடலாம். பின்னால் மறைந்திருந்து வேலை செய்யும் ஆப்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 நிமிடத்துக்கு ஒரே ஒரு தேடல்தான். கிடைத்ததைப் பகிர்ந்து கொள்ள வேண்டியதுதான்.

பொதுவில் வைப்பது நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. காங்கிரீட் கூரைக்குக் கீழே சாட்டிலைட் சிக்னல் சரியாக எட்டாத இடத்தில், நாம் நிற்கும் தெருவைச் செல்போன் சொல்வது இந்தப் பட்டியலை வைத்துத்தான். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் பொதுவில் வைத்த முறுக்கு டப்பாவைப் போல, யார் கை விடுகிறார்கள் என்று ஒரு கண் இருக்க வேண்டாமா? பல வருஷம் அந்தக் கண் இல்லாமல்தான் இருந்தது.

இப்போது அந்த நிறுவனத்தின் கதைக்கு வருவோம். இன்மொபி என்று பெயர். 2007-ல் தொடங்கி, பெங்களூரில் வளர்ந்து, சிங்கப்பூரில் பதிவானது. ஆப்களுக்குள் விளம்பரம் காட்டுவது அதன் தொழில். விளையாட்டைத் தயாரித்தவர் ஒருவராக இருப்பார். அதற்குள் இன்மொபியின் சிறு மென்பொருள் குடியிருக்கும். இப்படி ஆயிரக்கணக்கான ஆப்களில் அது இருந்தது. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, 2016 ஜூன் 22 அன்று விவரங்களை வெளியிட்டது.

ஆணையம் சொன்ன குற்றச்சாட்டைக் கேளுங்கள். இருப்பிடம் அறிய 'சரி' என்று அழுத்தியவர்களின் போனிலிருந்து இரண்டையும் எடுத்தார்கள்: அவர்கள் இருக்கும் இடம், அங்கே கேட்கும் வைஃபை குறிகள். இரண்டையும் பொருத்தி ஒரு பெரிய அட்டவணை போட்டார்கள். பிறகு, 'வேண்டாம்' என்று அழுத்தியவர்களின் போனிலிருந்து வைஃபை குறிகளை மட்டும் எடுத்தார்கள். அட்டவணையில் வைத்துப் பார்த்தால் இடம் தெரிந்து விடுமே! பக்கத்து வீட்டு அக்கா அழுத்திய 'சரி', நீங்கள் அழுத்திய 'வேண்டா'மைச் செல்லாமல் ஆக்கி விட்டது. அந்தக் காலத்து ஆண்ட்ராய்டில் வைஃபை பட்டியலைப் பார்க்க இருப்பிட அனுமதியே தேவைப்படவில்லை என்பதால் வந்த வினை இது.

அதில் தாய்மார்களுக்கு வயிற்றைக் கலக்கும் பகுதி ஒன்று உண்டு. குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட ஆப்களிலும் இது நடந்தது. குழந்தைகளின் விவரத்தை எடுப்பதில்லை என்று உறுதி சொல்லி விட்டு, பெற்றோரைக் கேட்காமலே எடுத்தார்கள் என்றது ஆணையம். அது தொழில்நுட்பப் பிழையால் நேர்ந்தது என்றது நிறுவனம். வழக்கு சமரசத்தில் முடிந்தது. 40 லட்சம் டாலர் அபராதம் விதித்து, நிறுவனத்தின் பண நிலைமையைப் பார்த்து 9,50,000 டாலராகக் குறைத்தார்கள். சேர்த்த குழந்தைகளின் விவரங்களை அழிக்க வேண்டும், 20 வருஷத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வெளியாரின் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்றும் ஏற்பாடு.

இதற்கிடையே செல்போன் தயாரிப்பாளர்களும் விழித்துக் கொண்டார்கள். 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6, வைஃபை பட்டியலைப் பார்ப்பதும் இருப்பிடத்தைப் பார்ப்பதும் ஒன்றுதான் என்று முடிவு செய்து, இருப்பிட அனுமதி இல்லாத ஆப்புக்குப் பட்டியலைக் காட்ட மறுத்தது. கம்ப்யூட்டர் பக்கம் இந்தப் புத்தி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. விண்டோஸ் 11-ல் 2024-ல் வந்த புதிய பதிப்பிலிருந்துதான், ஒரு புரோகிராம் வைஃபை பட்டியலைக் கேட்டால் இருப்பிட அனுமதி உண்டா என்று பார்க்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டில் லேப்டாப் இருந்தால், சம்பந்தமில்லாத ஒரு புரோகிராம் திடீரென்று 'இருப்பிடம்' கேட்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன? பயந்து போய்ச் செல்போனைப் பரணில் போட வேண்டாம்! செட்டிங்ஸில் 'லொக்கேஷன்' என்ற பகுதிக்குப் போங்கள். எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று அங்கே வரிசையாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் உட்கார்ந்தால் போதும். விளையாட்டு, வண்ணம் தீட்டுதல், பாட்டு, சமையல் குறிப்பு... இவற்றுக்கெல்லாம் 'அனுமதி இல்லை' என்று வைத்து விடுங்கள். ஒன்றும் கெட்டுப் போகாது. வரைபடம், ஆட்டோ, டாக்ஸி போன்றவற்றுக்கு 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுத்தால் போதும்.

வானிலை சொல்லும் ஆப்பை என்ன செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் அது அவசியம்தான். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் மழை உண்டா என்று சொல்ல, நம் தெருவும் கதவிலக்கமும் அதற்கு எதற்கு? 2021-ல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் 'துல்லியமான இடம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அணைத்து விட்டால் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் அளவுக்குத்தான் இடம் தெரியும். இதில் இன்னொரு லாபம்: துல்லிய அனுமதி இல்லாத ஆப்புக்கு வைஃபை பட்டியலும் கிடைக்காது. எனக்குப் பிடித்த பொத்தான் இதுதான்.

வைஃபையை அணைத்து விட்டால் தேடலும் நின்று விடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது! இருப்பிட அமைப்புகளுக்குள் 'வைஃபை ஸ்கேனிங்' என்று தனியாக ஒன்று உண்டு. அது ஓடிக் கொண்டிருந்தால், வைஃபை அணைந்திருக்கும்போதும் செல்போன் தேடிக் கொண்டுதான் இருக்கும். வேண்டாம் என்றால் அதையும் அணைக்கலாம்.

வீடு மாறும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வைஃபை பெட்டியையும் கூடவே எடுத்துப் போனால் அதன் குறியும் கூடவே வருகிறது. 2024-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஆப்பிள் நிறுவனத்தின் இருப்பிட அட்டவணையைக் கேட்டுக் கேட்டே உலகெங்கும் கோடிக்கணக்கான பெட்டிகளின் இடத்தைத் திரட்டிக் காட்டினார்கள். ஒரு பெட்டி ஊர் விட்டு ஊர் போனதையும் அதில் கண்டுபிடிக்க முடிந்தது. கொடுமை தாங்காமல் கணவனை விட்டுப் பிரிந்து, விலாசம் சொல்லாமல் தனியே குடியிருக்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து! அப்படிப்பட்டவர்கள் பழைய பெட்டியைக் கொண்டு போகாமல் புதிதாக வாங்கிக் கொள்வது நல்லது.

மற்றவர்களும் செய்யக் கூடிய ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் வைஃபை பெயரின் கடைசியில் ஒரு கீழ்க்கோடு போட்டு, 'நோமேப்' என்பதை என், ஓ, எம், ஏ, பி என ஐந்து சின்ன ஆங்கில எழுத்துக்களில் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதிய பெட்டியைத் தன் அட்டவணையில் சேர்ப்பதில்லை என்று கூகுள் 2011-ல் அறிவித்தது. ஆப்பிளும் 2024-ல் இதை ஏற்றுக் கொண்டது. இன்டர்நெட் இணைப்புக் கொடுக்க வரும் தம்பியிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் மாற்றிக் கொடுப்பார். பெயர் மாறியவுடன் வீட்டில் உள்ள எல்லாப் போனையும் டி.வி.யையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும்; அந்தச் சள்ளையையும் அவர் தலையிலேயே கட்டி விடுங்கள்.

நம் நாட்டிலும் சட்டம் வந்திருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்காமல் அவர்கள் விவரத்தைக் கையாளக் கூடாது. அவர்களைப் பின்தொடரவோ, குறி வைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகள் தயாராவதற்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை பிள்ளையின் கையில் கொடுக்கும் செல்போனில் 'வேண்டாம்' பொத்தானை நாம்தான் பார்த்து அழுத்த வேண்டியிருக்கிறது.