ஒரு சர்வருக்குள் பல கணினிகள்

1970களில் ஒசூரில் தமிழக அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கிய தொழிற்பேட்டை, அங்குள்ள மூக்கண்டப்பள்ளியைப் பட்டறைகளின் ஊராக்கியது. பெரிய வாகன ஆலைகளுக்கு உதிரிபாகங்களைக் கடைந்து தரும் சிறு நிறுவனங்கள் மிகுந்த இத்தகைய வட்டாரங்களில், இயந்திரத்தின் ஆயுள் அதனோடு வந்த மென்பொருளின் ஆயுளைவிட நீண்டதாக இருப்பதே தீராத சிக்கல். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டபோதிலும், அவற்றில் மட்டுமே ஓடும் அளவைக் கருவி நிரல்களைத் தூக்கியெறிய இயலாது.

இதற்குரிய வழி, பழைய விண்டோஸைப் புதிய சர்வருக்குள்ளேயே ஓடவிடும் மெய்நிகர் இயந்திரம். ஒரே சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பகிர்ந்தளித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினிபோல் இயங்கச் செய்யும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஐபிஎம் 1972இலேயே இதைப் பெருங்கணினிகளுக்கு வெளியிட்டது. மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி வந்தது 2008இல்.

நிறுவுவது எளிது, நிலையாக ஓடவைப்பதுதான் கடினம். மெய்நிகர் வட்டு என்பது உண்மையில் சர்வரில் உள்ள ஒரு கோப்பு. தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தால், இருக்கும் இடத்தைவிட அதிகமாகப் பல இயந்திரங்களுக்கு வாக்களித்துவிட முடியும். உண்மை வட்டு நிரம்பும் நாளில் ஹைப்பர்-வி அவ்வட்டைப் பயன்படுத்தும் இயந்திரங்களை இடைநிறுத்திவிடும். உற்பத்திக் கணக்கு ஓடும் இயந்திரத்துக்கு முழு அளவையும் முன்பே ஒதுக்கிவிடுவதே நல்லது, சற்று வீணானாலும்.

மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது செக்பாயின்ட். அந்நேரத்து வட்டை உறையவைத்து, பின்வரும் மாற்றங்களை வேறு கோப்பில் எழுதும் இவ்வசதி மூலக்கோப்பையே சார்ந்திருப்பதால், மூலம் கெட்டால் இதுவும் பயனற்றுப்போகும்; ஆகவே இது பேக்கப் ஆகாது. மாதக்கணக்கில் அழிக்காமல் விட்டால் வட்டையும் விழுங்கும்.

மின்தடைக்குப் பின் எது முதலில் எழ வேண்டும் என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும்: பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் முதலில், தரவுத்தளம் அடுத்து, அதை நம்பியிருக்கும் பயன்பாட்டு நிரல்கள் கடைசியில். கடிகாரங்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் டொமைன் உள்நுழைவே இயல்பான அமைப்பில் மறுக்கப்படும் என்பதால், நேரம் ஒரே மூலத்திலிருந்து வர வேண்டும்.

இவற்றை நிர்வகிக்கும் மேலாண்மைக் கணினியை அதே சர்வருக்குள் இன்னொரு மெய்நிகர் இயந்திரமாக வைப்பது தவறு. சர்வர் விழுந்தால் அதைத் தூக்கும் கருவியும் உடன்விழும். அது தனிக் கணினியாக, யுபிஎஸ் இணைப்போடு, தானாக உறங்காதபடி அமைக்கப்பட வேண்டும். மின்னஞ்சலுக்கும் இணைய உலாவலுக்கும் அதைப் பயன்படுத்தலாகாது. டொமைன் கன்ட்ரோலர் எழாத நேரத்திலும் நுழைவதற்கு, சர்வரிலும் இக்கணினியிலும் டொமைனைச் சாராத நிர்வாகிக் கணக்கு ஒவ்வொன்று இருத்தல் அவசியம்.