உங்களுக்குத் தெரியுமா? கோலி சோடா முதல் பாழுங்கிணறு வரை

★ கோலி சோடாவை உடைத்ததும் சீறிக்கொண்டு வருவது கரியமில வாயு. அழுத்தத்தில் தண்ணீருக்குள் கரைந்திருக்கும் இந்த வாயுவில் சிறு பங்கு, தண்ணீரோடு கூடிக் கார்பானிக் அமிலமாகிறது. நாக்கில் 'சுருக்'கென்று ஏறுவது அதுதான். கோலியைக் கழுத்தில் இறுக்கி வைப்பதும் வாயுவின் அழுத்தமே. இந்தப் பாட்டிலுக்கு 1872-இல் காப்புரிமை பெற்றவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர்.

★ இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவதும் இதே வாயுவால்தான். உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் லூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவுச் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அதைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கிறது.

★ தெளிந்த சுண்ணாம்பு நீரில் மூச்சை ஊதினால் பால்போல் வெளுக்கும். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும்! முதலில் கரையாத சுண்ணாம்புக்கல் துகள் உண்டாகிறது. பிறகு மிகுதியான கார்பானிக் அமிலம் அதையே கரைத்துவிடுகிறது.

★ ஆந்திரத்தின் போரா குகைகளைக் குடைந்ததும் இதே வேதியியல்தான். மாசில்லாத மழைநீருக்கும் காற்றிலுள்ள கரியமில வாயுவால் சற்றே புளிப்பு உண்டு, அதன் பி.எச். அளவு சுமார் 5.6. மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் வாயுவைச் சேர்த்துக்கொண்டு, சுண்ணாம்புப் பாறையைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது.

★ நம் உடலில் உண்டாகும் கரியமில வாயுவில் சுமார் 70 சதவீதம், ரத்தத்தில் பைகார்பனேட்டாக மாறித்தான் நுரையீரலுக்குப் போகிறது. இதை நடத்திவைக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு, நொடிக்குச் சுமார் பத்து லட்சம் வாயு மூலக்கூறுகளை மாற்றும்.

★ 1986 ஆகஸ்ட் 21 இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் நியோஸ் என்னும் எரிமலை ஏரியின் ஆழத்தில் கரைந்திருந்த கரியமில வாயு திடீரென வெளியேறியது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அது பள்ளத்தாக்குகளில் வழிந்தோடி, உறங்கிக்கொண்டிருந்த சுமார் 1,700 பேரின் உயிரைக் குடித்தது. இன்று ஏரிக்குள் குழாய் இறக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகிறார்கள்.

★ கரி அரைகுறையாக எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத நஞ்சு. ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். மூடிய அறையில் கரி அடுப்போடு உறங்காதீர்கள்.

★ பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் ஆபத்து என்பது உண்மை. அணையாவிட்டால் பத்திரம் என்பது உண்மையல்ல. கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் சுடர் எரியும். மீத்தேன் இருந்தால் தீயே பற்றும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்றப் பதறி இறங்காதீர்கள். அடுத்தடுத்து உயிர்கள் போவது அப்படித்தான். உடனே தீயணைப்புத் துறையை 101-இல் அழையுங்கள்.